ஒரு பாட்டுக்கு ஐந்து காப்பி எதற்கு?

கேள்வி: அண்ணா, திண்டுக்கல் பக்கம் மூன்று வருடமாக டிஜே போடுகிறேன். பெரும்பாலும் கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, அப்புறம் கல்லூரி விழா. ஒரு டிபி ஹார்டுடிஸ்கில் 18,000 ஆடியோ, 1,400 வீடியோ இருக்கின்றன. 'ரிசப்ஷன்', 'குத்து', 'மெலடி', 'காலேஜ்', '90ஸ்' என்று ஃபோல்டர் போட்டிருக்கிறேன். ஆனாலும் அவசரத்துக்கு எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை. போன மாதம் பொண்ணு மாப்பிள்ளை என்ட்ரிக்காக க்யூ (பாட்டு எங்கிருந்து ஓட வேண்டும் என்று வைக்கும் குறி) வைத்துத் தயார் செய்திருந்த பாட்டைப் போட்டேன். க்யூவைக் காணோம். பாட்டுக்கு முன்னால் ஏதோ வெப்சைட் பெயரைச் சொல்லும் குரல் வந்தது. வீடியோ போட்டால் நடுவில் வசனம் வருகிறது. விர்ச்சுவல் டிஜே என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறேன். வேறு சாஃப்ட்வேருக்கு மாற வேண்டுமா? பாட்டுகளை வருடவாரியாக அடுக்குவதா, படவாரியாக அடுக்குவதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அழிக்க வேண்டாம். சாஃப்ட்வேரையும் மாற்ற வேண்டாம். கோளாறு எங்கே என்று உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். க்யூ வைத்த பாட்டைப் போட்டேன், க்யூவைக் காணோம் என்கிறீர்கள். க்யூ எங்கும் போகவில்லை. நீங்கள் க்யூ வைத்தது ஒரு காப்பியில், அன்று டெக்கில் (சாஃப்ட்வேரில் பாட்டு ஓடும் இடத்தில்) ஏற்றியது இன்னொரு காப்பியை. 'ரிசப்ஷன்' ஃபோல்டரில் ஒன்று, '90ஸ்' ஃபோல்டரில் ஒன்று, 'மெலடி'யில் ஒன்று என அந்தப் பாட்டு உங்கள் டிஸ்கில் குறைந்தது மூன்று இடத்தில் கிடக்கும். தேடல் பெட்டியில் பெயரைத் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். விர்ச்சுவல் டிஜே ஒவ்வொரு காப்பியையும் தனித்தனிப் பாட்டாகத்தான் கணக்கில் வைக்கும். ஒன்றில் க்யூ இருக்கும். ஒன்றில் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் கணக்கை, திருத்தியிருப்பீர்கள். இன்னொன்று வெப்சைட் குரலோடு வந்த பழைய டவுன்லோடு. அன்று கையில் சிக்கியது அதுதான்.

இந்தப் பழக்கம் கேசட், சிடி காலத்திலிருந்து வந்தது. எனக்கு இந்தத் தொழிலில் 16 வருடம். நான் சேர்ந்தபோது எங்கள் சவுண்டு சர்வீஸில் ரிசப்ஷனுக்கு ஒரு சிடி பை, கோயில் திருவிழாவுக்கு ஒரு பை, காலேஜுக்கு ஒரு பை என்று தனித்தனியாக இருக்கும். ஒரே பாட்டு மூன்று பையிலும் இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அன்று எந்தப் பையை எடுத்துப் போகிறோமோ அதுதான் கையிருப்பு. கம்ப்யூட்டருக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் அந்தப் பைகளை அப்படியே ஃபோல்டராக்கிக் கொண்டோம். அங்கேதான் தடம் மாறிப்போனோம்.

ஃபைல் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தப் பாட்டை எப்போது போடுவோம் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஃபோல்டரையே பதிலாக்கினால் காப்பி பெருகத்தான் செய்யும். ஃபைல் டிஸ்கில் ஒரே இடத்தில், ஒரே தடவை இருக்கட்டும். சந்தர்ப்பத்துக்கு பிளேலிஸ்ட் போடுங்கள். பிளேலிஸ்டில் நீங்கள் சேர்ப்பது பாட்டின் முகவரியை மட்டும்தான். இருபது பிளேலிஸ்டில் சேர்த்தாலும் ஃபைல் ஒன்று, க்யூ ஒன்று, நீங்கள் ஒருமுறை திருத்திய பிபிஎம் இருபது இடத்திலும் திருத்தமாகவே நிற்கும். செராட்டோ என்ற டிஜே சாஃப்ட்வேரில் இதற்கு கிரேட் என்று பெயர். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற இன்னொன்றிலும் பிளேலிஸ்ட்தான். இந்த ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குப் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை.

வருடவாரியா, படவாரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நிகழ்ச்சி நடக்கும்போது அந்த ஃபோல்டரை நீங்கள் திறக்கவே போவதில்லை என்பதால் எப்படி அடுக்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் வருடவாரியாக வைத்திருக்கிறேன், படம் வந்த வருடம் என்றைக்கும் மாறாது என்பதற்காக. 'மெலடி', 'குத்து' என்பதெல்லாம் நம் அபிப்பிராயம். அது மாறும், மாறும்போது ஃபைலை நகர்த்தத் தோன்றும், நகர்த்தினால் சாஃப்ட்வேர் அதைத் தொலைத்துவிடும். டிஸ்கில் மேல்மட்டத்தில் நான்கே ஃபோல்டர் போதும்: வரவு, ஆடியோ, வீடியோ, விசேஷம். ஆடியோவுக்குள்ளும் வீடியோவுக்குள்ளும் வருடம். விசேஷத்துக்குள் அந்தந்தக் குடும்பம் கொடுக்கும் ஃபைல்கள், தேதி போட்டு. வருடம் முன்னால், பிறகு மாதம், பிறகு நாள் என்று எண்ணில் எழுதினால் தானாகவே வரிசையில் நிற்கும்.

'வரவு' ஃபோல்டர்தான் வாசல். வெளியிலிருந்து வரும் எந்தப் பாட்டும் முதலில் அங்கேதான் இறங்க வேண்டும். முழுசாகக் காதால் கேட்காத பாட்டு வாசல் தாண்டக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இருந்திருந்தால் அந்த வெப்சைட் குரல் மண்டபத்தில் ஒலித்திருக்காது. முதல் பத்து வினாடி, நடுவில் ஒரு இடம், கடைசி இருபது வினாடி என்று தாவிக் கேட்பவர்கள் உண்டு. நான் முழுப் பாட்டையும் ஹெட்போனில் கேட்கிறேன். நான்கு நிமிடம்தானே. அப்போதே எங்கே க்யூ வைக்கலாம் என்பதும் பிடிபட்டுவிடும்.

கேட்கும்போது தரத்தையும் பாருங்கள். 320 கேபிபிஎஸ் (ஒரு வினாடிப் பாட்டுக்கு எவ்வளவு தகவல் என்ற அளவு) என்று எழுதியிருப்பதால் அது 320 ஆகிவிடாது. 128-ல் சுருக்கிய பாட்டை யாரோ மறுபடி 320 ஆக மாற்றி வைத்திருப்பார்கள். ஃபைல் பெரிதாகும், போன சத்தம் திரும்பி வராது. ஸ்பெக் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. ஃபைலை அதில் இழுத்துப் போட்டால் பாட்டின் அலைவரிசைப் படம் வரும். நல்ல 320 என்றால் வண்ணம் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை ஏறும். 128-லிருந்து வந்தது 16 கிலோஹெர்ட்ஸிலேயே கத்தரியால் வெட்டியது போல நின்றுவிடும். செல்போன் ஸ்பீக்கரில் இந்த வித்தியாசம் தெரியாது. மண்டபத்தில் நான்கு டாப் பெட்டியும் நான்கு பேஸ் பெட்டியும் ஓடும்போது ஜால்ராவும் கைதட்டலும் எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி கேட்கும். சவுண்டு செட்காரர் ட்ரெபிளைக் குறைப்பார், பாட்டு மங்கிப்போகும், பழி அவர்மேல் விழும். அடிக்கடி போடும் பாட்டுகளையாவது காசு கொடுத்து வாங்குங்கள். ஐடியூன்ஸ் கடையில் தனிப் பாட்டாகவே கிடைக்கும். 256 கேபிபிஎஸ் ஏஏசி ஃபைல், காப்பி செய்வதைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது. கல்யாணத்தில் பாட்டுப் போட லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்வார்கள். 1957-ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் கல்யாணத்துக்கும் அதையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு இருப்பது உண்மைதான். அந்த விலக்கு விழாவில் ஒலிக்கவிடுவதற்கு மட்டும். திருட்டு டவுன்லோடுக்கு அது காபந்து ஆகாது.

அடுத்து பெயர். நம் பாட்டுகளைத் தேடுவதில் இருக்கும் பெரிய கஷ்டமே ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ்தான். 'கண்ணே' என்ற ஒரே சொல்லை ஒருவர் கடைசியில் 'இ' மட்டும் போட்டு முடிப்பார், இன்னொருவர் 'ஏ', 'இ' இரண்டும் போடுவார், மூன்றாமவர் 'இ', 'ஒய்' போடுவார். 'ழ'வுக்கு 'இசட்', 'எச்' போடுபவர் உண்டு, 'எல்' போடுபவர் உண்டு. மாப்பிள்ளையின் நண்பர் மேடையோரம் வந்து நின்று பாட்டுப் பெயரைக் கத்தும்போது, இந்த ஃபைலுக்கு எந்த எழுத்துக்கூட்டல் என்று யோசிக்க நேரம் இருக்காது. அதனால் நீங்களே ஒரு எழுத்துக்கூட்டல் முறையை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் வையுங்கள். 'ழ'வுக்கு இதுதான், நெடிலுக்கு இதுதான், சொல்லின் கடைசி ஏகாரத்துக்கு இதுதான் என்று. ஃபைல் பெயரை அந்த முறைப்படி மட்டுமே எழுதுங்கள். மற்றவர்கள் எழுதும் கூட்டல்களை கமென்ட் கட்டத்தில் போடுங்கள், தேடல் அங்கேயும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம். கமென்டில் பாட்டின் இரண்டாவது வரி, நடிகர் பெயர், ஜனங்கள் அந்தப் பாட்டுக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் எல்லாம் போடலாம். 'அந்த மஞ்சள் சேலைப் பாட்டு' என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

ஃபைல் பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்கலாமா என்ற எண்ணம் வரும். லேப்டாப்பில் தமிழ் அழகாகத் தெரியும். ஆனால் மிக்ஸரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கும் சின்ன யுஎஸ்பி பிளேயரில் வெறும் கட்டம் கட்டமாக வரும். லேப்டாப் நின்றுபோன அன்றைக்கு அந்தச் சின்னத் திரைதான் நமக்குத் துணை. அதனால் ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், தமிழ்ப் பெயரை டேகில் (ஃபைலுக்குள்ளேயே பாட்டு விவரம் எழுதும் இடத்தில்) எழுதுங்கள். வரவில் இருக்கும்போதே எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் நூறு பாட்டை ஒரே மூச்சில் திருத்திவிடலாம். வாசல் தாண்டிய பிறகு பெயர் மாற்ற வேண்டுமென்றால் விர்ச்சுவல் டிஜேவுக்குள்ளேயே மாற்றுங்கள். விண்டோஸில் போய் மாற்றினால் அந்தப் பாட்டின் க்யூவும் பிபிஎமும் பழைய பெயரோடே நின்றுவிடும்.

கமென்டில் இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்ப முக்கியம். பாட்டு என்ன ரகம் என்பதைவிட யார் எழுந்து ஆடுவார்கள் என்பதை எழுதுங்கள். 'அத்தைமார்', 'சின்னப் பிள்ளைகள்', 'மாப்பிள்ளை நண்பர்கள்', 'எல்லாரும்' என்று நான்கைந்து குறிச்சொல் போதும். ஐந்து நட்சத்திர மதிப்பெண்ணை உங்கள் ரசனைக்குக் கொடுக்காதீர்கள், தரை எவ்வளவு சூடாகும் என்பதற்குக் கொடுங்கள். அப்புறம் 'கல்யாணத்துக்கு வேண்டாம்' என்று ஒரு குறி. சில பாட்டில் தாளம் துள்ளும், வரி பூராவும் பிரிவாக இருக்கும், அல்லது படத்தில் அந்தப் பாட்டு முடிந்ததும் நாயகி இறந்துபோவாள். ஆடும் பையன்களுக்கு அது தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்குத் தெரியும். நான் இப்படி ஒருமுறை பெண் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பாட்டிமாவின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே மாதிரி பெரியவர்கள் முன்னால் போட முடியாத வரிகள் உள்ள பாட்டுக்கும் ஒரு குறி வையுங்கள். இந்தக் குறிகள் இருந்தால் விர்ச்சுவல் டிஜேவின் ஃபில்டர் ஃபோல்டர் தானாகவே பட்டியல் போட்டுக் கொடுக்கும்: 'அத்தைமார் ஆடுவது, நான்கு நட்சத்திரத்துக்கு மேல், வேண்டாம் குறி இல்லாதது' என்று கேட்டால் போதும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தோன்றலாம். ரிசப்ஷனில் நமக்குக் கிடைக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். மேடையில் மொய்யும் போட்டோவும் ஓய்ந்து, ஆடுவதற்கு இடம் விடும்போது மணி 9 ஆகிவிடும். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பல மண்டபங்களில் உள்ளேயும் அதே நேரத்துக்கு மேனேஜர் வந்து நிற்பார். ஆக ஒரு மணி நேரம், இருபது இருபத்தைந்து பாட்டு. அதற்குத்தான் 18,000 பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

பிபிஎம் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் குத்துப் பாட்டுகள் பலவும் திஸ்ர நடை, ஆறு ஆறாக எண்ணுவது. இந்தச் சாஃப்ட்வேர்கள் நான்கு நான்காக எண்ணும் இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பாட்டுக்குக் கால் 132-ல் தரையைத் தட்டும். சாஃப்ட்வேர் 198 என்று எடுக்கும், அல்லது அதைப் பாதியாக்கி 99 என்று காட்டும். அந்த 99-ஐ நம்பி 100 பிபிஎம் பாட்டைப் பக்கத்தில் ஒட்டினால் ஆடுபவர்களின் கால் தடுமாறும். யாருக்கும் காரணம் புரியாது, ஆனால் வட்டம் கலைந்துவிடும். அதனால் குத்துப் பாட்டு ஒவ்வொன்றையும் பிபிஎம் எடிட்டரில் திறந்து, காலால் தட்டி, அந்தத் தாளத்தையே விரலால் டேப் செய்து பதியுங்கள். எழுபது எண்பதுகளின் பாட்டுகளில் வேறு பிரச்சினை. ஐம்பது பேர் உட்கார்ந்து ஒன்றாக வாசித்தது அது. சரணத்தில் வேகம் ஏறும், பல்லவிக்குத் திரும்பும்போது இறங்கும். அந்தப் பாட்டுகளுக்கு பிபிஎம் எண் ஒரு உத்தேசம்தான். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக ஒட்டவைக்கும் சிங்க் பட்டனை நம்பாமல், நல்ல துவக்கம் ஒன்றும் நல்ல முடிவு ஒன்றும் க்யூ வைத்துக்கொண்டு, வெட்டி மாற்றுவதே அழகு.

இனி வீடியோ. நடுவில் வசனம் வருகிறது என்றால் நீங்கள் வைத்திருப்பது படத்திலிருந்து வெட்டிய வீடியோ. ஆடியோ கம்பெனி வெளியிட்ட பாட்டும் படத்தில் வரும் பாட்டும் ஒன்றல்ல. படத்தில் சரணத்தைக் குறைத்திருப்பார்கள், நடுவில் பேச்சு, வண்டிச் சத்தம், அடிதடி எல்லாம் இருக்கும். இன்னொரு நுட்பமான வித்தியாசமும் உண்டு. சினிமா வினாடிக்கு 24 பிரேம். பழைய டிவிடிகள் சிலவற்றில் அதை 25 ஆக்கி ஓட்டியிருப்பார்கள். அப்போது பாட்டு 4 சதவீதம் வேகமாகிவிடும், 120 பிபிஎம் பாட்டு 125 ஆகும், சுருதியும் முக்கால் அரைசுரத்துக்குக் கிட்ட ஏறியிருக்கும். அதே பாட்டின் ஆடியோவிலிருந்து வீடியோவுக்குத் தாவினால் காதில் உறுத்துவது அதனால்தான். ஆகவே வீடியோ ஃபைல் பெயரின் கடைசியில் அது என்ன வகை என்று ஒரு குறி போடுங்கள்: படம், லிரிக், வெறும் பின்னணி லூப். வசனம் உள்ள வீடியோவில் உங்களுக்கு மிகவும் வேண்டிய ஐம்பதை மட்டும் எடுத்து, ஏதாவதொரு எடிட்டிங் மென்பொருளில் சத்தத்தை நீக்கிவிட்டு, நல்ல ஆடியோவைக் கீழே ஒட்டி, உதடு பொருந்தும்படி வெட்டி, 'சுத்தம்' என்ற குறியோடு சேமியுங்கள். ஒரு வீடியோவுக்கு அரை மணி நேரமாவது ஆகும். ஆனால் ஒருமுறை செய்தது காலத்துக்கும் இருக்கும்.

எல்இடி வாலுக்கு 4கே வீடியோ வேண்டும் என்று பலர் டிஸ்கை நிரப்புகிறார்கள். கணக்குப் பாருங்கள். வாடகைக்கு வரும் பி3.91 (புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர்) பேனல் அரை மீட்டருக்கு அரை மீட்டர், அதில் 128-க்கு 128 புள்ளிகள். மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் உள்ள வாலில் மொத்தமே 768-க்கு 512 புள்ளிதான். 720பி வீடியோவே அதற்கு அதிகம். 720பி, எச்.264, எம்பி4, வினாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் நான்கு நிமிடப் பாட்டு 120 எம்பிக்குள் அடங்கும். உங்கள் 1,400 வீடியோவும் 170 ஜிபிக்குள் வந்துவிடும். வீடியோவைச் சுருக்கும் முறைகளில் எச்.264-ஐவிட எச்.265 இடம் குறைவாக எடுக்கும், ஆனால் பழைய லேப்டாப்பில் இரண்டு டெக்கிலும் வீடியோ ஓடும்போது திணறும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். பிரேம் வேகத்தை 'கான்ஸ்டன்ட்' என்று வையுங்கள், செல்போனில் எடுத்த வீடியோக்களில் வேகம் ஏறி இறங்குவதால் உதடும் சத்தமும் போகப்போக விலகும். கீஃபிரேம் (முழுப் படமாகவே பதிந்திருக்கும் பிரேம்) வினாடிக்கு ஒன்று இருக்கும்படி செய்தால் க்யூவுக்குத் தாவும்போது படம் உறையாது.

குடும்பத்தார் தரும் ப்ரீ வெட்டிங் வீடியோ, சின்ன வயசு போட்டோத் தொகுப்பு இவற்றை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவில் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் உங்கள் லேப்டாப்பில் முழுசாக ஓட்டிப் பாருங்கள். மண்டபத்தில் வந்து 'இதைப் போடுங்க' என்று நீட்டும் போனில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஹார்டுடிஸ்க் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு ரிசப்ஷன், எட்டரை மணி. எல்லாம் சரிபார்த்து, என்ட்ரி பாட்டு டெக்கில் ஏறி நிற்கிறது. நிகழ்ச்சித் தொகுப்பாளரான ஆங்கர் வந்து தன் மியூசிக் இருக்கும் பென்டிரைவைக் கொடுத்தார். செருகினேன், லேப்டாப் தொங்கிவிட்டது, ரீஸ்டார்ட் செய்தேன். திரும்பி வந்தபோது அந்தப் பென்டிரைவ் 'இ' டிரைவாகிவிட்டது, வழக்கமாக 'இ'யாக இருந்த என் ஹார்டுடிஸ்க் 'எஃப்' ஆகிவிட்டது. பிளேலிஸ்டில் இருந்த அத்தனை பாட்டுக்கும் பக்கத்தில் 'ஃபைல் இல்லை' என்ற குறி. பாட்டு எல்லாம் டிஸ்கில் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் சாஃப்ட்வேர் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டுகிறது. வாசலில் நாதஸ்வரம் நின்றுவிட்டது, பொண்ணும் மாப்பிள்ளையும் பூப்பந்தலுக்குக் கீழே நிற்கிறார்கள், வீடியோகிராஃபர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். செல்போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்தேன். மறுநாள் முதல் வேலையாக விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஹார்டுடிஸ்குக்கு 'எம்' என்ற எழுத்தை நிரந்தரமாக வைத்தேன். பின்வரிசை எழுத்து என்பதால் வேறு எதுவும் வந்து அதைப் பிடிக்காது. இன்றைக்கே இதைச் செய்யுங்கள், இரண்டு நிமிட வேலை. ஆனால் இதையும் நிகழ்ச்சியன்று செய்யாதீர்கள். எழுத்து மாறியதும் ஏற்கனவே உள்ள பிளேலிஸ்டுகளை ஒருமுறை திறந்து சரிபார்க்க வேண்டும்.

பாட்டுகளை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைக்காதீர்கள். புது லேப்டாப்களில் அந்த ஃபோல்டர்களை ஒன்டிரைவ் எடுத்துக்கொண்டுபோய் இணையத்தில் வைத்துவிட்டு, இங்கே பெயரை மட்டும் விட்டுவைப்பது உண்டு. பார்த்தால் ஃபைல் இருப்பது போலவே இருக்கும். அறுநூறு செல்போன் நிறைந்த மண்டபத்தில் சிக்னல் இல்லாதபோதுதான் அது இல்லை என்று தெரியும்.

அப்புறம், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு டிஸ்க் என்று கடிதம் சொல்கிறது. அது சுழலும் வகை ஹார்டுடிஸ்க் என்றால் பேஸ் பெட்டிமேலோ பக்கத்திலோ வைக்கவே கூடாது, அதிர்வில் படிப்பதற்குத் திணறும். முடிந்தபோது சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதை வேலைக்கு வைத்துக்கொண்டு, பழையதை வீட்டில் காப்புப் பிரதியாக வையுங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கை 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் கோப்பு அட்டவணையே சிதைந்து போகலாம், அந்த அவசரம் ஒருநாளும் வேண்டாம். காப்புப் பிரதி எடுக்கும்போது பாட்டுகளோடு, டிஸ்கில் இருக்கும் 'விர்ச்சுவல் டிஜே' ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். வெளி டிஸ்கில் உள்ள பாட்டுகளுக்கான க்யூ, பிபிஎம் விவரமெல்லாம் அதற்குள்தான். பாட்டு திரும்பக் கிடைக்கும், மூன்று வருட உழைப்பு கிடைக்காது. பிளேலிஸ்டுகளில் சில லேப்டாப்பிலேயே பதிந்திருக்கும் என்பதால் மெனுவில் உள்ள பேக்கப்பையும் ஒருமுறை கொடுத்துவிடுங்கள்.

இது தவிர பாக்கெட்டில் ஒரு 32 ஜிபி பென்டிரைவ். ஃபேட்32 ஃபார்மேட், இருநூறு பாட்டு, எல்லாம் 320 எம்பி3. சின்ன பிளேயர்கள் பல, பெயர் வரிசையில் ஓடாமல் நாம் காப்பி செய்த வரிசையில் ஓடும், அதனால் ஒவ்வொன்றாக வரிசைப்படி காப்பி செய்யுங்கள். முதல் பாட்டு எப்போதும் என்ட்ரி பாட்டாக இருக்கட்டும்.

இப்போது 18,000 பாட்டை என்ன செய்வது? உங்கள் கடிதம் ஆனி மாதத்தில் வந்திருக்கிறது, நல்லதாயிற்று. ஆடியில் கல்யாணம் கிடையாது. காதுகுத்தும் குறைவு. அம்மன் கோயில் திருவிழாக்கள் வரும், ஆனால் அவற்றுக்கு வேண்டிய பாட்டுகள் தனி. அந்த ஒரு மாதம் உங்கள் கையில் இருக்கிறது. விர்ச்சுவல் டிஜேவில் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் இதுவரை போட்ட பாட்டெல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கும். மூன்று வருட ஹிஸ்டரியைத் திறந்து, எத்தனை வெவ்வேறு பாட்டு என்று எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில் அது ஆயிரத்தைத் தாண்டாது. அந்த ஆயிரத்தை மட்டும் முதலில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை காப்பி என்று தேடி, க்யூ உள்ளதை, தரம் நன்றாக இருப்பதைக் கண்டுபிடியுங்கள். க்யூ ஒன்றிலும் தரம் இன்னொன்றிலும் இருந்தால் தரமானதை வைத்துக்கொண்டு க்யூவை மறுபடி வையுங்கள், ஒரு நிமிடம்தான். அதை ஆடியோ ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், சாஃப்ட்வேருக்குள்ளிருந்தே. மற்ற காப்பிகளை உடனே அழிக்காமல் 'பழசு' என்ற ஃபோல்டரில் தள்ளிவிட்டு, அந்த ஃபோல்டரைத் தேடலிலிருந்து நீக்கிவிடுங்கள். நாளுக்கு முப்பத்தைந்து பாட்டு என்று உட்கார்ந்தால் ஆடி முடியும்போது ஆயிரமும் முடிந்துவிடும். மீதி 17,000-ஐத் தொட வேண்டாம். யாராவது கேட்டு, அதிலிருந்து ஒரு பாட்டைத் தேடி எடுக்க வேண்டி வந்தால், மறுநாள் காலை அதை மட்டும் வரவில் போட்டு வாசல் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள்.

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்குப் போகும்போது புது அடுக்கையும் பழைய டிஸ்கையும் இரண்டையுமே எடுத்துப் போங்கள். பழையதைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்கு வந்தீர்களா என்று எனக்கு எழுதுங்கள். என்ட்ரி பாட்டு முதல் க்யூவிலேயே சரியாக விழுந்ததா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.